மூடி போட்ட வாளி

காலையில் ஆனந்தகிருஷ்ணன் எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். ஈரத் தலையோடு அடுக்களைக்குள் போய் விளக்கைப் போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினான். மேடைக்கு அடியில் இருந்த நீல வாளியை வெளியே இழுத்தான். மூடியைத் திறந்து, குறைந்திருந்த அளவுக்குத் தண்ணீர் விட்டு, கிருமிநாசினி லோஷன் பாட்டிலின் மூடியால் ஒரு மூடி அளந்து ஊற்றினான். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அதில் ஊறிக் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தான்.

முதலில் மேடை. இடது கோடியிலிருந்து வலது கோடி வரை, துடைத்த இடத்துக்குத் திரும்பிப் போகாமல். பிறகு அடுப்பின் குமிழ்கள். குழாயின் கழுத்து. ஃபிரிட்ஜின் பிடி. சுவிட்சுகள். கடைசியாக, அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தம்ளரையும் ஒரு ஸ்பூனையும் கொதிக்கிற வெந்நீரில் போட்டு இடுக்கியால் எடுத்தான். அதே துணியால் விளிம்பையும் வெளிப்புறத்தையும் துடைத்து மறுபடி கவிழ்த்து வைத்தான். துணியை வாளியில் போட்டு மூடியை அழுத்தினான். வாளியை உள்ளே தள்ளினான்.

அந்தத் தம்ளரில் குடிக்க இப்போது யாரும் இல்லை. அவன் மனைவி சுப்ரியா போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது.

அவன் அம்மா விஜயலக்ஷ்மி அடுக்களை வாசலுக்கு இந்தப் புறம் நின்றிருந்தாள். உள்ளே வரக் கூடாது என்று அவன் சொல்லியிருந்தான். அவளும் வரவில்லை. காப்பியை அவனே கலந்து கொண்டுவந்து கூடத்து மேஜையில் வைத்தான். மேஜைக்குப் பக்கத்தில் அவளுடைய பெட்டியும் ஒரு துணிப்பையும் கட்டித் தயாராக இருந்தன.

சாயங்காலம் ரயில். கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா கோமதி வீட்டுக்கு. ஆட்டோ சொல்லிவிட்டதாகவும், தம்பானூர் ஸ்டேஷன் என்ன பெரிய தூரமா, அவன் ஆபீசை விட்டுவிட்டு வர வேண்டாம் என்றும் அம்மா சொன்னாள். வருகிறேன் என்றான் அவன்.

அம்மா ஒரு மாற்றத்துக்காக வருவதாக கோமதி நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் அதுவல்ல. அம்மாவின் துணிதான் சுப்ரியாவைக் கொன்றது என்று ஆனந்தகிருஷ்ணன் நம்பினான். நம்பியதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டான். இன்று மத்தியானம் அதற்கு லேபிலிருந்து பதில் வரும். பதில் அவன் நினைத்தபடி இருந்தால் அம்மா இந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

வலியசாலை அக்ரகாரத்தில் இன்னும் மடி பார்க்கிற வீடுகளை எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. அம்மா குளிக்காமல் அடுப்பைத் தொட்டதில்லை. மேடை துடைக்க அவளுக்கென்று ஒரு பழைய வேஷ்டிக் கிழிசல் உண்டு. தினமும் அதைத் தானே துவைத்து, பின்கட்டில் உயரத்தில் கட்டிய மூங்கில் கொடியில் கோலால் தூக்கிப் போடுவாள். குளிக்காத கை அதன் மேல் படக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் சுப்ரியா தெரியாமல் அந்தத் துணியால் கை துடைத்துவிட்டாள். அம்மா துணியை வாங்கி மறுபடி துவைத்தாள். சுப்ரியா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சுப்ரியாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு சிரிப்பு குறைந்தது. மருந்து ஏற்ற ஏற்ற உடம்பில் எதிர்ப்பு என்பதே இல்லாமல் போகும், சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பச்சைக் காய் கூடாது, வெளியில் வைத்த தயிர் கூடாது, எல்லாம் கொதிக்கக் கொதிக்க. ஆனந்தகிருஷ்ணன் விழிஞ்ஞம் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அடுக்களையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டான். உன் மடி கண்ணால் பார்க்கிற சுத்தம்தான், அது கிருமிக்குத் தெரியாது என்று அம்மாவிடம் சொன்னான். நீல வாளி வந்தது. லோஷன் வந்தது. தன்னைத் தவிர வேறு யாரும் அந்த வாளியைத் தொடக் கூடாது என்றான்.

சுப்ரியா கட்டிலில் இருந்தபடியே வேடிக்கை பார்ப்பாள். "உங்க அம்மா மடிக்கு ஒரு கோல் போறும். உங்க மடிக்கு கெமிஸ்ட்ரி படிக்கணும்போல இருக்கு" என்பாள். காப்பியில் ஆஸ்பத்திரி வாசனை வருகிறது என்பாள். வரட்டும், நல்லதுதான் என்பான் அவன். 'மடி மாமா' என்று அவனுக்கு ஒரு பெயரும் வைத்தாள்.

ஒருநாள் அவன் மருந்து வாங்கப் போய்த் திரும்பியபோது அம்மா அடுக்களைக்குள் நின்றிருந்தாள். சுப்ரியாவின் தம்ளரைத் தன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சுப்ரியா, பாவம் குழந்தை, வெந்நீர் கேட்டாள், உன்னைக் காணோம் என்றாள் அம்மா. அவன் தம்ளரைப் பிடுங்கிக் கழுவினான். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தான்.

முடியவில்லை. சுப்ரியா போன மறுநாள், காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தத்தில் கண்ட கிருமியின் பெயரை டாக்டர் சொன்னார். சூடோமோனாஸ். நம்மை ஒன்றும் செய்யாது, எதிர்ப்பில்லாதவர்களை விடாது என்றார். எங்கிருந்து வந்திருக்கும் என்று அவன் கேட்டான். எங்கிருந்தும் வரலாம், அவர்கள் வயிற்றிலிருந்தேகூட வரலாம், ஈரமான இடம் எல்லாம் அதற்கு வீடுதான், சிங்க், குழாய் வாய், ஈரத்துணி என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அத்தனையிலும் ஆனந்தகிருஷ்ணன் காதில் நின்றது ஒரே ஒரு சொல். துணி.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை என்றான் அவன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். தம்ளரை நினைத்துத்தான் அப்படிப் பார்க்கிறாள் என்று அவன் வைத்துக்கொண்டான்.

பிறகு லிபியிடம் போனான். லிபி பாறசாலைக்காரி. தமிழ் பேசினாலும் பாதி மலையாளத்தில்தான் முடிப்பாள். காலேஜில் அவன் வருஷத்தில் படித்தவள். இப்போது கைமனத்தில், மீனும் ஐஸும் தண்ணீரும் சோதிக்கிற தனியார் லேப் ஒன்றில் வேலை. பஞ்சு நுனி வைத்த குச்சிகளை, அடைத்த குழாய்களில் போட்டு அவள் கொடுத்தாள். அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் கோலால் துணியை இறக்கி, அதன் மேல் பஞ்சைத் தேய்த்தான். சிங்க், மேடை, குழாய் எல்லாவற்றிலும் தேய்த்தான். வாளித் தண்ணீரிலும் ஒரு பஞ்சை முக்கி எடுத்தான். சுத்தம் என்றால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துக் காட்ட ஒன்று வேண்டுமே என்று.

அன்றுதான் அம்மாவிடம் சொன்னதும். கத்தவில்லை. துணியைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், அதில் அந்தக் கிருமி இருந்தால் நீயும் நானும் ஒரு வீட்டில் இருக்க முடியாது என்றான். "சரி" என்றாள் அம்மா. மறுநாளே கோமதிக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொன்னாள்.

மத்தியானம் லேபில் லிபி அவனை முதலில் உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை. மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாக மேஜை மேல் வைத்தாள்.

"இது அம்மையோட துணி."

தட்டில் அங்கங்கே சில வெள்ளைப் புள்ளிகள். ஒரு மஞ்சள் புள்ளி. அவ்வளவுதான். அவன் குனிந்து பார்த்தான். இது வேறு யாருடையதோ என்று தோன்றியது. வேறு தட்டு இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள் லிபி. இந்தப் புள்ளிகள் நம் தோலில் எப்போதும் இருப்பவை, அம்மை தினமும் துவைத்து, கொடியில் காயப் போட்டு உணக்குகிறார்கள் அல்லவா, நல்லா உணங்கின துணியில் நீ தேடுகிற கிருமி நிற்காது என்றாள். சிங்கின் வாயில் கொஞ்சம் இருந்தது, அது எல்லா வீட்டிலும் உண்டு என்றாள்.

கடைசித் தட்டை எடுக்கக் கொஞ்சம் தயங்கினாள்.

அது முழுக்கப் பச்சை. குளத்துப் பாசி மாதிரி இல்லை, அதைவிட மினுமினுப்பான, வெளிறிய பச்சை. பஞ்சால் கோடிழுத்த இடம், இழுக்காத இடம் என்று இல்லாமல் விளிம்பு வரை பரவியிருந்தது.

"எது இது?"

"உன் வாளி."

அவன் லோஷன் பெயரைச் சொன்னான். எவ்வளவு ஊற்றுவான் என்று சொன்னான். கிருமியைக் கொல்லும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறது என்றான். லிபி அதை மறுக்கவில்லை. புதுசாகக் கலக்கினால் கொல்லும். அழுக்குத் துணி அதிலேயே கிடந்தால் மருந்து தீர்ந்துபோகும். அதன் மேல் தண்ணீரும் ஒரு மூடி மருந்துமாக ஊற்றிக்கொண்டே போனால் எல்லாம் சாகும், இது ஒன்று மட்டும் சாகாது, அதில் பழகிக்கொள்ளும் என்றாள். சில பேர் மூக்குக்கு இது திராட்சை மாதிரி இனிப்பாக வாசம் வரும் என்றும் சொன்னாள்.

அவனுக்கு அந்த வாசனை தெரியும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் முகத்தில் வந்து படும். லோஷனில் வாசனை சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தான். தம்ளரைத் துடைத்த பிறகும் விரலில் கொஞ்ச நேரம் நிற்கும். சுத்தத்தின் வாசனை என்று அதை மோந்து பார்த்துக்கூட இருக்கிறான்.

"ஆனந்தா, ஒரு காரியம் கேக்கட்டா. அந்த வாளியைக் கடைசியா எப்பக் கவிழ்த்துக் கழுவினே?"

அவன் யோசித்தான். யோசிக்க எதுவும் இல்லை. கழுவியதே இல்லை.

"யாரும் தொடலையே" என்றான். "என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதே இல்லை லிபி."

சொல்லி முடித்ததும் அது யாருடைய பேச்சு என்று அவனுக்கே கேட்டது. யாரும் தொடாதது சுத்தம். தொட்டால்தான் தீட்டு. இதைத்தான் அவன் அம்மாவிடம் கேலி செய்தது. அவளாவது துணியைத் தினமும் துவைத்தாள். அவன் தீர்த்தப் பாத்திரத்தைப் போலத் தன் வாளிக்கு மூடி போட்டுக் காபந்து பண்ணினான். வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்த தம்ளரை, கடைசியில், அந்தத் தண்ணீரால் துடைத்தான். சுப்ரியாவின் வாய் படுகிற விளிம்பில்.

லிபி அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இதை வைத்து ஒன்றும் முடிவு பண்ணாதே என்றாள். ஆஸ்பத்திரிக் குழாயிலும் இது இருக்கும், என் வீட்டு சிங்கிலும் இருக்கும், சுப்ரியாவின் ரத்தத்தில் வந்தது இதுதான் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

"இது இல்லைன்னு சொல்லுவியா?"

லிபி தட்டைப் பார்த்தாள். "அதும் சொல்லப் பற்றாது, முடியாது" என்றாள்.

கரமனைப் பாலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அவன் ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தான். எல்லாமே அவளுக்கு எதிரானவை. ஒன்றுகூட இப்போது உதவாது. சுப்ரியா போனதிலிருந்து அவனைத் தாங்கி நிறுத்தியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் மேல் இருந்த கோபம். அது போன பிறகுதான் தெரிந்தது. கால் ஊன்ற ஓரிடமும் இல்லாதது மாதிரி இருந்தது. கிள்ளிப்பாலம் சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தான். பின்னால் வந்தவன் மலையாளத்தில் திட்டிவிட்டுப் போனான்.

வீட்டில் கூடம் காலியாக இருந்தது. பெட்டி அங்கேயே இருந்தது. பின்கட்டிலிருந்து புகை வந்தது.

அம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கூரைச் சரிவுக்கு அடியில் குந்தியிருந்தாள். முன்னால் ஒரு பழைய இரும்புச் சட்டி. அதில் அவளுடைய துணி பாதி எரிந்து சுருண்டு கிடந்தது. ஈரக் காற்றில் தீ பிடிக்காமல் புகைந்தது. அவள் ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீ வந்து சொல்றதுக்கு முன்னாடி எரிச்சுடலாம்னு பார்த்தேன்" என்றாள் நிமிராமல். "உன் கையால எரிக்க வேண்டாம்."

"அதுல ஒண்ணும் இல்லைம்மா."

அம்மாவுக்குப் புரியவில்லை. அவன் மறுபடி சொன்னான். துணியில் ஒன்றுமில்லை.

"பின்னே?"

"என் வாளி."

லிபி சொன்னதை எல்லாம் அவன் சொன்னான். பச்சையைச் சொன்னான். வாசனையைச் சொன்னான். நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றதையும் சொன்னான். அலுவலகத்தில் வராத கன்டெய்னரைப் பற்றிச் சொல்வது போலவே சொல்லி முடித்தான். அம்மா கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"கோமதிட்ட சொல்லிட்டயா?"

"இல்லை."

"சொல்லாதே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையாகவும் இருக்கலாம். "யார் கேட்டாலும் என் துணின்னே இருக்கட்டும். நான் போறவதானே. நீ இருந்தாகணும், கேட்டயோ."

அவன் அடுக்களைக்குள் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியைக் கழற்றித் தண்ணீரைச் சாக்கடை வாயில் கவிழ்த்தான். வெள்ளைத் தண்ணீர் மழைத் தண்ணீரோடு போனது. துணி ஒரு செத்த பிராணி மாதிரி விழுந்தது. அதை எடுத்து, தீயில்லாத சட்டியில், அம்மாவின் துணிக்கு மேல் போட்டான். பிறகு வாளிக்குள் கையை விட்டு முதல் தடவையாக அடியைத் தொட்டான். வழவழவென்று இருந்தது. மீனின் உடம்பு மாதிரி.

பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்தான். கழுவினான். தேய்த்தான். வழவழப்பு போன பிறகும் தேய்த்தான். நகக்கண் எரிந்தது, விரல் தோல் வெளுத்துச் சுருங்கியது. போதும் என்று அம்மா சொன்னது கேட்டது. தேய்த்தான். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"ஆட்டோ வந்தாச்சு" என்றாள் அம்மா.

அவன் திரும்பவில்லை. "போகாதேம்மா" என்றான் வாளிக்குள் பார்த்து.

அவள் எழுந்து உள்ளே போனாள். கூடத்தில் ஏதோ நகர்கிற சத்தம். வாசலில் ஆட்டோக்காரனிடம் அவள் மலையாளத்தில் பேசுவது கேட்டது. என்ன என்று பிடிபடவில்லை. ஆட்டோ கிளம்பியது. தெருவைத் தாண்டி, கோயில் மூலை திரும்பி, அதன் சத்தம் மழையில் கரைகிற வரை அவன் நாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டால் அப்புறம் அதுதான் நிஜம்.

அடுக்களைப் பக்கம் காலடி கேட்டது. வாசல்படியருகே ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே போனது.

அவன் எழுந்து போனபோது அம்மா அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். குளிக்கவில்லை. புடவையெல்லாம் புகை நாற்றம். வெந்நீரை இறக்கி, அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த தம்ளரை எடுத்தாள். சுப்ரியாவின் தம்ளர். துடைக்கவில்லை. அப்படியே வெந்நீரில் இரண்டு தரம் அலசிக் கொட்டினாள். மறுபடி நிரப்பி அவனிடம் நீட்டினாள்.

"குடி."

அவன் வாங்கினான். தம்ளர் சுட்டதில் மேடையில் கொஞ்சம் சிந்தியது. தம்ளரை வைத்துவிட்டு உடனே துணி தேடினான். வாளி இல்லை, துணி இல்லை. கதவில் தொங்கிய துண்டை இழுத்து, சிந்திய இடத்தைத் துடைத்தான். சிந்தாத இடத்தையும் துடைத்தான். இடது கோடிக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தான்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லலைன்னு எல்லார்ட்டயும் சொன்னே" என்றாள். "அன்னிக்கு நான் கூடத்துலதான் இருந்தேன், ஆனந்து. எனக்கும் கேட்டுது."

அவன் கை நின்றது.

அன்றைக்கும் சாயங்காலம்தான். கஞ்சி அடுப்பில் இருந்தது. கஞ்சியை ஊற்றுவதற்கு முன் மேடையை இன்னொரு தரம் துடைத்துவிடலாம் என்று அவன் ஆரம்பித்திருந்தான். கட்டில் அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுப்ரியா கூப்பிட்டாள். இதோ, இந்த மூலை ஒன்றுதான் என்றான். மூலை முடிந்து, குமிழ்கள் முடிந்து, குழாய் முடிந்து, தம்ளரைத் துடைத்து, கஞ்சியோடு அவன் உள்ளே போனபோது அவள் பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு கொதித்தது. ஆம்புலன்சில் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வாயில் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு பேச்சே இல்லை.

அவன் 'இதோ' என்றதற்கு அப்புறம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சத்தமாக இல்லாமல், கோபமும் இல்லாமல் அவள் சொன்னாள்:

"துடைச்சது போறும். சித்த இங்க வந்து உக்காருங்கோ."